சாவி கைக்கு வரும் நாளே கணக்கு

மும்பையில் புதிய வீடுகள் விரைவாக எழும்ப வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் குடித்தனம் நடத்தும் நகரம் இது. பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கும் நகரமும் இதுதான். ஆகவே, கட்டட வேலையைத் துரிதப்படுத்த மாநில சர்க்காரும் மாநகராட்சியும் சலுகைகள் அளிப்பதை யாரும் குறை கூற மாட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சலுகை எதற்காகத் தரப்படுகிறது? மனுப் போட்டதற்கா? அஸ்திவாரம் தோண்டியதற்கா? அல்லது இடத்தைக் காலி செய்து கொடுத்த குடும்பத்தின் கையில் புதிய வீட்டின் சாவியைக் கொடுத்ததற்கா? கடந்த முப்பது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தால், முதல் இரண்டுக்கும் சலுகை தாராளமாகக் கிடைத்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றிய கண்டிப்புதான் குறைவு. தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்துள்ள இந்தக் காலத்தில், இது ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைத் தொடும் கேள்வி.

பழைய கதை

வீட்டுப் பஞ்சம் இந்நகருக்குப் புதிதல்ல. 1896-ம் ஆண்டு பிளேக் நோய் பரவியபோது, காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான பேட்டைகளில்தான் சாவு அதிகம் என்று அன்றைய ஆட்சியாளர்கள் கண்டார்கள். 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. டிரஸ்ட் பழைய பேட்டைகளை வேகமாக இடித்தது. இடிக்கப்பட்டவர்களுக்கு அதே வேகத்தில் வீடு கட்டவில்லை. டிரஸ்ட் வகுத்த புதிய மனைகளில் தாதரும் மாதுங்காவும் எழுந்தன. தென்னாட்டிலிருந்து வந்த குமாஸ்தாக்கள் மாதுங்காவில் குடியேறி, கோவிலும் பள்ளியும் ஓட்டலுமாக ஊரையே அமைத்துக் கொண்டது அதன் பிறகுதான். ஆனால் அந்த மனைகள் மாதச் சம்பளக்காரர்களுக்கு உதவின. கூலிக்காரர்களுக்கு எட்டவில்லை.

கூலிக்காரர்களுக்காக 1920-ம் ஆண்டுகளில் பம்பாய் டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட் என்ற இலாகா சால்களைக் கட்டியது. வோர்லி, நாய்காவ், லோயர் பரேல், சிவ்ரி ஆகிய இடங்களில் எழுந்த 207 கட்டடங்கள்தான் இன்றும் பி.டி.டி. சால் என்று அழைக்கப்படுகின்றன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அளவு சுமார் 160 சதுர அடி. வசதி போதாதுதான். ஆயினும் சர்க்காரே முன்னின்று சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான அறைகளைக் கட்டி முடிக்க முடிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சுதந்திரத்துக்குப் பின் நல்லெண்ணத்துடன் கொண்டு வந்த சட்டங்கள் எதிர்பாராத பலனைத் தந்தன. 1947-ம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வாடகையை 1940-ம் ஆண்டு அளவில் நிறுத்தியது. அது குடித்தனக்காரரைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றியது. அதே சமயம், கட்டடத்தைப் பழுது பார்க்கவோ, வாடகைக்கு விடப் புதிதாகக் கட்டவோ சொந்தக்காரருக்கு மனமில்லாமல் செய்தது. மழைக்காலம் வந்தால் பழைய கட்டடம் இடிந்து உயிர்ச்சேதம் என்ற செய்தி இல்லாத ஆண்டு இல்லை என்றாயிற்று. சுமார் 19 ஆயிரம் பழைய கட்டடங்களுக்குத் தனி வரி போட்டு, பழுது பார்க்கத் தனி வாரியமும் அமைக்க நேர்ந்தது. 1976-ம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட காலி நிலத்தை எடுத்து ஏழைகளுக்கு வீடு கட்டும் என்றார்கள். நிலம் கோர்ட்டிலும் விதிவிலக்கு மனுக்களிலும் சிக்கிக் கிடந்தது. 2007-ல் மகாராஷ்டிரம் அச்சட்டத்தைக் கைவிட்டது.

காற்றில் விற்கும் சரக்கு

நிலமும் கிடைக்கவில்லை, கஜானாவிலும் பணமில்லை என்ற நிலையில் சர்க்கார் கண்டுபிடித்த கருவியே எஃப்.எஸ்.ஐ. இந்த மூன்றெழுத்தைப் புரிந்து கொள்ளாமல் மும்பையின் வீட்டுப் பிரச்னையைப் புரிந்து கொள்ள முடியாது. ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு எழுப்பலாம் என்ற அளவே அது. தீவு நகரில் நெடுங்காலம் இது 1.33 ஆகவும், புறநகரில் 1 ஆகவும் இருந்தது. 1,000 சதுர அடி மனை உள்ளவர் தாதரில் 1,330 சதுர அடியும், அந்தேரியில் 1,000 சதுர அடியும் கட்டலாம் என்று பொருள்.

இந்த அளவை முதலில் இறுக்கிப் பிடித்துவிட்டு, பிறகு சர்க்கார் சொன்ன வேலையைச் செய்பவருக்குத் தளர்த்திக் கொடுப்பதே இன்றுவரை நடக்கும் முறை. சாலைக்கு இடம் விட்டால் இவ்வளவு கூடுதல், பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் இவ்வளவு கூடுதல், குடிசைவாசிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் இவ்வளவு கூடுதல் என்று தரப்படுகிறது. அதே இடத்தில் கட்ட முடியாவிட்டால், அந்த உரிமையை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். சர்க்காருக்கு ஒரு பைசா செலவில்லை. ஆகாயத்தில் இருக்கும் இடத்தை விற்று, பூமியில் வீடு வாங்கும் வியாபாரம் இது.

வியாபாரம் என்ற வகையில் இதில் தவறில்லை. வியாபாரி லாபம் இல்லாமல் வரமாட்டார். ஆனால் வியாபாரத்தில் முன்பணம் வாங்கியவர் சரக்கை எப்போது தருவார் என்பதற்குப் பிடி இருக்க வேண்டும். அந்தப் பிடிதான் தளர்ந்து போயிற்று.

நாற்பது லட்சம் பேர்

1995-ல் ஆட்சிக்கு வந்த சிவசேனை–பாரதீய ஜனதா கூட்டணி, குடிசைகளில் வாழும் 40 லட்சம் மக்களுக்கு இலவச வீடு தருவதாக வாக்களித்தது. குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று கொண்டால் 8 லட்சம் வீடுகள். அதே ஆண்டு டிசம்பரில் குடிசை மறுவாழ்வு ஆணையமான எஸ்.ஆர்.ஏ. உருவாயிற்று. குடிசைவாசிக்கு 225 சதுர அடி வீடு இலவசம். பில்டர் கட்டித் தரும் ஒவ்வொரு 10 சதுர அடிக்கும், அவர் விற்றுக் கொள்ளத் தீவு நகரில் 7.5 சதுர அடியும், புறநகரில் 10 சதுர அடியும், தாராவி போன்ற கடினமான இடங்களில் 13.3 சதுர அடியும் கொடுக்கப்பட்டன. பிற்பாடு இலவச வீட்டின் அளவு 269 ஆகவும், பிறகு 300 ஆகவும் உயர்ந்தது. குடியிருப்போரில் 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்ற விதி 51 சதவீதமாகத் தளர்ந்தது.

சலுகைக்குக் குறைவில்லை. பலன் என்ன? முப்பது ஆண்டுகள் கழிந்தும், வாக்களித்த எண்ணிக்கையில் பாதியைக்கூட எட்டவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட திட்டங்கள் பாதியில் நின்று போனதால், அவற்றைப் பணம் கொடுத்தவர்களே எடுத்து முடிக்க அனுமதிக்கும் மன்னிப்புத் திட்டம் ஒன்றை 2022-ல் சர்க்கார் அறிவிக்க வேண்டி வந்தது.

காரணம் எளிது. இலவச வீடு கட்டும் பணம், விற்பனை வீட்டிலிருந்து வர வேண்டும். விற்பனை நன்றாக இருந்தால் வேலை ஓடும். 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது. 2018-ல் கடன் கம்பெனிகளுக்குப் பண முடை வந்தது. 2020-ல் கொரோனா வந்தது. ஒவ்வொரு முறையும் மார்க்கெட் படுத்தது. மார்க்கெட் படுத்தால் பில்டர் காத்திருக்கலாம். நிலத்தின் விலை ஏறினால் காத்திருப்பதே அவருக்கு லாபமாகவும் முடியலாம். காத்திருக்க முடியாதவர் குடிசையைக் காலி செய்து கொடுத்தவர் ஒருவர்தான்.

தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

காலி செய்த குடும்பத்துக்குப் புதிய வீடு முடியும் வரை பில்டர் மாற்று இடமோ வாடகைப் பணமோ தர வேண்டும். முதல் ஆண்டு செக் ஒழுங்காக வருகிறது. இரண்டாம் ஆண்டு தாமதமாக வருகிறது. மூன்றாம் ஆண்டு ஆபீஸ் கதவே பூட்டிக் கிடக்கிறது. இது பல திட்டங்களில் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. வீட்டுக்காரரோ பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகையை உயர்த்துகிறார். கட்ட முடியாதவர் கல்யாண், நாலாசோபாரா என்று தள்ளிப் போகிறார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறுகிறது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு அந்த நான்கு வீடும் போய்விடுகிறது. ரயிலில் போகவர மூன்று மணி நேரம் செலவாகிறது. சாவி வருமுன் வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிவிட்டால், வாரிசுச் சான்றிதழுக்காக வேறு அலைச்சல்.

வாடகைப் பாக்கி பற்றிய புகார்கள் உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2023-ல் எஸ்.ஆர்.ஏ. ஒரு நல்ல விதி செய்தது. இரண்டு ஆண்டு வாடகையை பில்டர் முன்னதாகவே கட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டுக்குப் பின்தேதியிட்ட செக் தர வேண்டும். வரவேற்கத்தக்க விதி. ஆனால் நான்காம் ஆண்டும் கட்டடம் முடியாவிட்டால் என்ன செய்வது?

அனுமதியின் வேகம்

அனுமதி கிடைப்பதில் தாமதம் இருந்தது உண்மை. தீயணைப்பு, மரம், குடிநீர், விமான நிலையம் என்று ஒவ்வொரு இலாகாவாக ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் பைல் தூங்கும் என்று பில்டர்கள் சொன்ன புகாரில் நியாயம் இருந்தது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் வட்டி கட்டுகிறார். அந்த வட்டி கடைசியில் வீடு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே மாநகராட்சி மனுக்களைக் கம்ப்யூட்டர் மூலம் வாங்கி, ஒரே இடத்தில் அனுமதி தரும் முறையைக் கொண்டு வந்தது நல்ல காரியமே. டில்லியையும் மும்பையையும் வைத்து உலக வங்கி போட்ட கணக்கில், கட்டட அனுமதி வழங்குவதில் 181-ம் இடத்தில் இருந்த இந்தியா, 2018-ல் வந்த அறிக்கையில் 52-ம் இடத்துக்கு ஏறிற்று. அந்த அறிக்கையையே புள்ளிவிவரக் கோளாறு காரணமாக உலக வங்கி 2021-ல் நிறுத்திவிட்டது. அது இருக்கட்டும். அனுமதி எத்தனை நாளில் கிடைத்தது என்று அளந்தார்களே தவிர, குடியிருப்பவர் எத்தனை ஆண்டில் உள்ளே போனார் என்று அந்தக் கணக்கு அளக்கவில்லை.

2021-ம் ஆண்டுச் சலுகையும் அப்படியே. கொரோனாவால் படுத்துப் போன கட்டுமானத் தொழிலைத் தூக்கி நிறுத்த, பில்டர்கள் கட்ட வேண்டிய பிரிமியத்தை அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை சர்க்கார் பாதியாகக் குறைத்தது. சலுகை பெற்றவர், வீடு வாங்குவோரின் முத்திரைக் கட்டணத்தைத் தாமே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது பாராட்டுக்குரியது. ஆனால் டிசம்பர் 31 என்ற கெடு, பணம் கட்டுவதற்கான கெடு. கட்டடம் முடிப்பதற்கான கெடு அல்ல. பாதிப் பிரிமியத்தில் உரிமையை வாங்கி வைத்துக் கொண்டவர் எப்போது கட்டி முடித்தாலும், பெற்ற சலுகை பெற்றதுதான்.

குடியிருப்போர் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. ஒரே சொசைட்டியில் இரண்டு கோஷ்டி, கோஷ்டிக்கு ஒரு பில்டர், இருவரும் கோர்ட்டில். இப்படியே பத்து ஆண்டு ஓடிய இடங்கள் உண்டு. போலிக் குடிசை எழுப்பி இரண்டு வீடு கேட்பவரும் உண்டு. இவை தாமதத்துக்குக் காரணமாகின்றன என்பதை மறுக்க முடியாது.

2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை இங்கு நினைவு கூர வேண்டும். போரிவ்லியில் இருபது ஆண்டுகளாகியும் முடியாத ஒரு குடிசை மறுவாழ்வுத் திட்டத்திலிருந்து பில்டரை நீக்கியது சரியே என்று தீர்ப்பளித்தது. அத்துடன் நிற்கவில்லை. 1971-ம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டம் பற்றிய வழக்குகள் ஆயிரத்துக்கு மேல் தேங்கிக் கிடப்பதைச் சுட்டிக் காட்டி, சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதையே தணிக்கை செய்யும்படி பம்பாய் உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக் கொண்டது. குறித்த காலத்தில் வேலை செய்யாத பில்டரை மாற்ற அச்சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. அதை உரிய நேரத்தில் உபயோகிக்கும் துணிவுதான் வேண்டும்.

தாராவியின் முன் உள்ள கேள்வி

இந்தப் பின்னணியில்தான் தாராவியைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம் இது. விடியற்காலையில் இட்லி அவித்து, சைக்கிளில் ஏற்றி நகரெங்கும் விற்பவர்களின் இடம். சுமார் 600 ஏக்கர். மேற்கு ரயில்வேக்கும் மத்திய ரயில்வேக்கும் நடுவில் அமைந்திருப்பதே இதன் பலம். இதன் நிலத்துக்கு இத்தனை கிராக்கி வந்ததற்கும் அதுவே காரணம்.

1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு ஒதுக்கிய 100 கோடி ரூபாயில் தாராவிக்கும் பங்கு கிடைத்துச் சில கட்டடங்கள் எழுந்தன. 2004-ல் தாராவி முழுவதையும் சீரமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. டெண்டர் கோரி, 2011-ல் அதைக் கைவிட்டார்கள். 2018-ல் மறுபடி கோரிய டெண்டரை 2020-ல் ரத்து செய்தார்கள். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் டெண்டர் முன்னணிக்கு வந்து, 2023 ஜூலையில் உத்தரவாயிற்று. அக்குழுமத்துக்கு 80 சதவீதமும் சர்க்காருக்கு 20 சதவீதமும் பங்குள்ள கம்பெனி, 2024 மார்ச்சில் கணக்கெடுப்பைத் தொடங்கியது. அறிவித்த நாளிலிருந்து கணக்கெடுக்கவே இருபது ஆண்டு.

திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. அதற்கும் பிறகு வந்தவருக்கும் மேல்தளத்தில் இருப்பவருக்கும் வெளியேதான். வாடகை கட்டி நாளடைவில் சொந்தமாக்கிக் கொள்ளும் முறை. வெளியே என்றால் எங்கே? முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பள நிலம், தேவ்நார் குப்பைமேட்டு நிலம் என்று 2024-ல் சர்க்கார் ஒதுக்கியது.

அண்ணன் கீழ்த்தளத்திலும் தம்பி மரப்படி ஏறி மேல்தளத்திலும் வாழும் வீடுகள் தாராவியில் ஏராளம். அண்ணனுக்கு இங்கே, தம்பிக்கு அங்கே என்றால் குடும்பம் பிரிவதோடு பிழைப்பும் பிரியும். விடியற்காலை நான்கு மணிக்கு மாவு கரைப்பவர் முலுண்டிலிருந்து வந்து சயானில் இட்லி விற்க முடியுமா? வெளியே போகிறவருக்கு வீடு எந்த ஆண்டில், எந்த இடத்தில், ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதை எழுத்தில் சொல்லாமல் வேகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

செய்ய வேண்டியது

நல்ல முன்மாதிரி கண்ணெதிரே இருக்கிறது. நூறு ஆண்டு கண்ட பி.டி.டி. சால்களைச் சர்க்காரின் மாடா வாரியமே முன்னின்று புதுப்பிக்கிறது. 160 சதுர அடி அறைக்குப் பதில் 500 சதுர அடி வீடு. 2017-ல் அடிக்கல் நாட்டியும், 2025 ஆகஸ்ட் 14-ல்தான் வோர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கிடைத்தது. எட்டு ஆண்டு என்பது பெருமைப்படத்தக்க வேகமல்ல. ஆயினும் அங்கு பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதில் குழப்பமில்லை. சர்க்கார் ஆபீஸைப் பூட்டிக் கொண்டு ஓடிவிட முடியாது.

எல்லா இடத்திலும் சர்க்காரே கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. யார் கட்டினாலும் நான்கு நிபந்தனைகள் தேவை. முதலாவது, கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யையும் பிரிமியச் சலுகையையும் தவணையாகக் கொடுக்க வேண்டும். இலவச வீடுகளின் சாவி கொடுக்கக் கொடுக்க அடுத்த தவணை. குறித்த நாளுக்கு முன்பே முடிப்பவருக்குக் கூடச் சற்று கொடுத்தாலும் தவறில்லை. அதுவே உண்மையான ஊக்கம். இரண்டாவது, திட்டம் முடியும் வரைக்கும் வேண்டிய வாடகைக்கு பாங்க் உத்தரவாதம் இல்லாமல் ஒரு குடிசையின் தகரத்தைக்கூடப் பிரிக்க அனுமதிக்கக் கூடாது. மூன்றாவது, கெடு தாண்டினால் பில்டரை மாற்றும் நடவடிக்கை தானாகவே தொடங்க வேண்டும். நான்காவது, தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள், இதுவரை சாவி பெற்றவர் தொகை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு இடத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மராத்தியில் எழுதுவது முறை. தமிழரும் உருது பேசுவோரும் நிறைந்த இடங்களில் அவர்கள் மொழியிலும் எழுதினால் குறைந்து போவதில்லை.

எந்த ஆதாரமும் இல்லாத வாடகைக்காரர்களைப் பற்றியும் யாராவது நினைக்க வேண்டும். 2008-ல் எம்.எம்.ஆர்.டி.ஏ. 160 சதுர அடி வாடகை வீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, நடுவழியில் மாற்றிவிட்டது. நேற்று ரயிலிறங்கிய வாலிபனுக்கு வேண்டியது சொந்த வீடல்ல. சம்பளத்துக்குள் அடங்கும் வாடகை அறை. அது கிடைக்காதவரை ஒரு குடிசைப் பகுதி மறைந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்துக் கொண்டேயிருக்கும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டோ பாஸ், மின்சார பில், வாக்காளர் பட்டியல் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகலைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மராத்தியில் எழுதிய சம்மதப் பத்திரத்தில், படிக்கத் தெரிந்தவர் வரிக்கு வரி சொல்லக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஊருக்கு ஊர் சங்கம் வைத்துக் கொடை விழா நடத்தும் நம்மவர்கள், வாரத்தில் ஒருநாள் மாலை, மராத்தி தெரிந்த படித்த இளைஞர் இருவரை உட்கார வைத்து இந்தக் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை, மனமிருந்தால் போதும்.

சர்க்கார் வேகத்தை ஊக்குவிக்கட்டும். ஆனால் அந்த வேகத்தை, எத்தனை அனுமதி கொடுத்தோம் என்றோ எத்தனை மாடி எழுந்தது என்றோ கணக்கிட வேண்டாம். காலி செய்து போனவர்களில் எத்தனை பேர், சொன்ன நாளில், சொன்ன இடத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்ற ஒரே கணக்குப் போதும்.